வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு வந்த அனுமதி: ஜிஹாத் என்ற சொல்லும் அதன் விதிகளும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணக்கு வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மாணவி மட்டும் கொப்பியை மூடாமல் இருந்தாள். ஏ.எல். படிக்கிறவள், பாசையூர்க் கத்தோலிக்கக் குடும்பம். "சேர், குறை நினைக்கக் கூடாது. ஜிஹாத் எண்டா உண்மையில என்ன?" என்று கேட்டாள்.

நான் யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருக்காரன், முஸ்லிம். அவள் ஏன் தயங்கினாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்தச் சொல்லை ஒரு முஸ்லிமின் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். நேரே கேட்ட பிள்ளைக்கு நேரான பதில் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அன்று சொன்ன பத்து நிமிடப் பதில் போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல். அரபியில் ஜ-ஹ-த என்ற மூன்று எழுத்து வேரிலிருந்து வருவது ஜிஹாத். சிரமப்பட்டு முயல்வது, முழுப் பலத்தையும் போட்டு உழைப்பது என்று பொருள். மார்க்க அறிஞர் ஒரு புதிய சட்டப் பிரச்சினைக்கு மூளையைக் கசக்கித் தீர்வு தேடுவதற்கு இஜ்திஹாத் என்று பெயர்; அதுவும் இந்த வேர்தான். மனதை அடக்கப் போராடுவது முஜாஹதா. அதுவும் இதே வேர். போர் செய்வதற்கு அரபியில் தனிச் சொற்கள் உண்டு. ஆயுதச் சண்டை கிதால், போர் ஹர்பு. குர்ஆன் இவற்றையும் பயன்படுத்துகிறது. ஆனால் 'புனிதப் போர்' என்ற சொற்சேர்க்கை குர்ஆனில் ஓர் இடத்திலும் கிடையாது. அது ஐரோப்பியச் சிலுவைப்போர்க் காலத்து எண்ணம். நம் பத்திரிகைகள் வெளிநாட்டுச் செய்தியை மொழிபெயர்க்கும்போது அதையும் சேர்த்து இறக்குமதி செய்துவிட்டன.

அந்தச் சொல்லுக்குத் தன்னளவில் புனிதம்கூட இல்லை. குர்ஆனின் அன்கபூத் அத்தியாயத்தின் 8ஆம் வசனம் பெற்றோருக்கு நன்மை செய்யும்படி சொல்கிறது. உடனே, அவர்கள் உன்னை இணைவைக்க, அதாவது அல்லாஹ்வோடு வேறு தெய்வங்களையும் சேர்த்து வணங்க, சொல்லி வற்புறுத்தினால் மட்டும் அதில் கீழ்ப்படியாதே என்கிறது. அந்த 'வற்புறுத்தினால்' என்ற இடத்தில் அரபியில் வருவது ஜாஹதா, அதாவது ஜிஹாதின் வினைச்சொல். சிலை வணங்கும் பெற்றோர் பிள்ளையைத் தங்கள் பக்கம் இழுக்கப் படும் பாட்டுக்கும் குர்ஆன் இதே சொல்லைத்தான் போட்டிருக்கிறது.

தமிழில் எனக்குப் பிடித்த சொல் 'பாடுபடுதல்'. குர்ஆன் தமிழாக்கங்களிலும் இது வரும். பாடு என்றால் உழைப்பு, துன்பம் என்று இரண்டு அர்த்தமும் உண்டு. மாணவியிடம் இதைச் சொன்னபோது, "தவக்காலத்தில சொல்லுற இயேசுவின்ட பாடுகள் மாதிரியா சேர்?" என்றாள். நான் யோசித்திராத பக்கம் அது. உழைப்பும் வேதனையும் ஒரே சொல்லில் கூடி இருப்பதை அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

சரி, சொல்லின் கதை இவ்வளவுதான். 'ஜிஹாத் என்றால் முயற்சி மட்டுமே, போருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை' என்று சில மேடைகளில் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அது முழு உண்மை இல்லை. நபியவர்களின் சொல்லையும் செயலையும் பதிந்துவைத்த ஹதீஸ் தொகுப்புகளிலும் சட்ட நூல்களிலும் 'ஜிஹாத் பாடம்' என்று தலைப்பிட்ட பகுதிகள் பெரும்பாலும் போரைப் பற்றித்தான் பேசுகின்றன. இதை மறைத்துவிட்டுப் பேசினால் கேட்கிறவர் ஒருநாள் அந்தப் பக்கங்களைப் புரட்டுவார், பிறகு நம் ஒரு சொல்லையும் நம்பமாட்டார். ஆகவே போரைப் பற்றியே பேசுவோம்.

முஹம்மது நபி (ஸல்) அவர்களுக்கு முதல் வஹீ, அதாவது இறைச்செய்தி, வந்தது 610ஆம் ஆண்டளவில். அதற்குப் பிறகு 13 வருடங்கள் மக்காவில். அடி, உதை, சமூக விலக்கு, கொலை எல்லாம் நடந்தது. சுமையா என்ற பெண்மணி கொல்லப்பட்டார். அவரை இஸ்லாத்தின் முதல் தியாகி என்பார்கள். அந்த 13 வருடமும் திருப்பி அடிக்க அனுமதி இல்லை. 'உங்கள் கைகளைத் தடுத்துக்கொள்ளுங்கள்' என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததை நிஸா அத்தியாயத்தின் 77ஆம் வசனம் நினைவூட்டுகிறது. ஆனால் ஜிஹாத் என்ற சொல் அந்த மக்காக் காலத்திலேயே வந்துவிட்டது. புர்கான் அத்தியாயத்தின் 52ஆம் வசனம், 'இதைக்கொண்டு அவர்களோடு பெரும் ஜிஹாத் செய்வீராக' என்கிறது. 'இது' என்பது குர்ஆன். வாள் தூக்க அனுமதி இல்லாத நாளில் 'பெரும் ஜிஹாத்' என்று பெயர் வாங்கியது, வேதத்தைச் சொல்லிக்கொண்டே அடி தாங்கியதுதான்.

622இல் மதீனாவுக்கு ஹிஜ்ரத், அதாவது இடப்பெயர்வு. வீடு, காணி, சாமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் முதல் அனுமதி வருகிறது. ஹஜ் அத்தியாயத்தின் 39, 40ஆம் வசனங்கள். போர் பற்றி முதலில் இறங்கியவை இவைதான் என்று பல விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். அதன் கருத்து இது: யார்மீது போர் தொடுக்கப்படுகிறதோ அவர்களுக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது, ஏனென்றால் அவர்கள் அநீதிக்கு ஆளானார்கள், 'எங்கள் இறைவன் அல்லாஹ்' என்று சொன்னதைத் தவிர வேறு காரணமில்லாமல், நியாயமின்றித் தங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள். மனிதரில் சிலரைக்கொண்டு சிலரை அல்லாஹ் தடுக்காமல் இருந்திருந்தால் மடங்களும், தேவாலயங்களும், யூதரின் ஆலயங்களும், அல்லாஹ்வின் பெயர் அதிகம் சொல்லப்படும் பள்ளிவாசல்களும் இடிக்கப்பட்டிருக்கும்.

அந்த வரிசையில் கிறிஸ்தவத் துறவிகளின் மடம் முதலாவது, தேவாலயம் இரண்டாவது, பள்ளிவாசல் கடைசி. ஆயுதம் தூக்க வந்த முதல் அனுமதியிலேயே மற்றவர்களின் வணக்கத்தலங்களைக் காப்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்த வசனத்தை நான் முதல்முதல் கவனித்துக் கேட்டது புத்தளத்தில், ஒரு கிடுகுக் கொட்டிலில். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் போக வேண்டி வந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. வாப்பா வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேர்ட் பையில் போட்டுக்கொண்டார். உம்மா அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்தா. அந்தச் சோறு என்ன ஆகியிருக்கும் என்று எத்தனையோ நாள் படுக்கையில் நினைத்திருக்கிறேன்.

முகாமில் பின்னேரங்களில் ஒரு வயதான மௌலவி எங்களுக்கு ஓதிக் கொடுத்தார். அவரும் இடம்பெயர்ந்தவர்தான். ஹஜ் அத்தியாயத்தில் இந்த இடம் வந்ததும், எங்களைவிட மூத்த பெடியன் ஒருவன் கேட்டுவிட்டான்: "ஹஸ்ரத், இது எங்களத்தானே சொல்லுது? அப்ப எங்களுக்கும் அனுமதி இருக்குதானே?" சுற்றியிருந்த பெரியவர்களும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். சில மாதங்களுக்கு முன்னர்தான், ஓகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷா என்ற இரவுத் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தப் பெடியன் சும்மா கேட்கவில்லை.

ஹஸ்ரத் கோபப்படவில்லை. திருப்பி ஒவ்வொன்றாகக் கேட்டார். யார் கட்டளை போடுவது, நீயா நானா? யாரை அடிக்கப் போகிறாய், துரத்தினவனையா, அல்லது அவன் பேசும் மொழியைப் பேசும் எல்லாரையுமா? நாங்கள் வெளிக்கிடும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுத பக்கத்து வீட்டு மனுசியை எந்தக் கணக்கில் வைப்பாய்? அப்புறம் மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தை ஓதினார். ஒரு கூட்டத்தார்மீது உள்ள வெறுப்பு, நீங்கள் நீதி தவறக் காரணமாகிவிட வேண்டாம். நீதி செய்யுங்கள், அதுவே இறையச்சத்துக்கு நெருக்கமானது. அதற்கு மேல் அன்று பாடம் நடக்கவில்லை.

நான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருப்பது அவர் கேட்ட அந்தக் கேள்விகளைத்தான். ஜிஹாத் என்ன என்பது அதன் விதிகளில்தான் இருக்கிறது. விதிகளைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது வெறும் கொலை. அதற்கு இஸ்லாமியச் சட்டத்திலேயே வேறு பெயர்களும் வேறு தண்டனைகளும் இருக்கின்றன.

யார் கட்டளை போடுவது என்பதில் சட்ட அறிஞர்களுக்குப் பெரிய குழப்பம் இல்லை. போர் தொடங்குவதும், நிறுத்துவதும், உடன்படிக்கை செய்வதும் ஆட்சித் தலைவரின் பொறுப்பு. ஒரு தனி ஆளோ, நாலு பேர் கூடிய குழுவோ தாங்களாக ஜிஹாத் அறிவிக்க முடியாது. சாதாரண நிலையில் அது பர்ளு கிபாயா, அதாவது போதுமான சிலர் செய்தால் மற்றவர்கள்மேல் பொறுப்பில்லாத கூட்டுக் கடமை. எதிரி நாட்டுக்குள் புகுந்துவிட்டால்தான் அந்த நாட்டவர் ஒவ்வொருவர்மீதும் கடமையாகும். அதற்குப் பர்ளு ஐன் என்று பெயர். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

யாரோடு என்பதற்கு பகரா அத்தியாயத்தின் 190ஆம் வசனம் பதில் சொல்கிறது. உங்களோடு போரிடுகிறவர்களோடு போரிடுங்கள், வரம்பு மீறாதீர்கள், வரம்பு மீறுகிறவர்களை அல்லாஹ் நேசிப்பதில்லை. வரம்பு எது என்று நபியவர்களின் நடைமுறை காட்டுகிறது. ஒரு போர்க்களத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டுக் கிடந்தாள். சனம் கூடி நின்றது. நபியவர்கள் வந்து பார்த்துவிட்டு, 'இவள் சண்டை பிடிக்கிறவளாக இருக்கவில்லையே' என்றார்கள். முன்னணியில் நின்ற காலித் இப்னு வலீதுக்கு உடனே ஆள் அனுப்பினார்கள்: பெண்ணையும் கூலியாளையும் கொல்லக் கூடாது. கூலியாள் என்பதைக் கவனியுங்கள். எதிரியின் படையோடு வந்து, சாமான் தூக்கி, ஒட்டகம் மேய்க்கிற ஏழை. எதிர்ப்பக்கத்தில் நின்றதற்காக அவனைக் கொல்ல முடியாது, அவன் கையில் ஆயுதம் இருந்ததா என்பதே கேள்வி.

இதைவிட விரிவானது, நபியவர்களுக்குப் பின் ஆட்சிக்கு வந்த முதல் கலீபா அபூபக்ர் (ரலி) சிரியாவுக்குப் போன படைக்குச் சொன்னது. இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது. படைத்தலைவர்களில் ஒருவரான யஸீத் இப்னு அபீ ஸுப்யான் குதிரைமேல். அபூபக்ர் பக்கத்தில் நடந்து வருகிறார். 'ஒன்று நீங்கள் ஏறுங்கள், அல்லது நான் இறங்குகிறேன்' என்று யஸீத் சங்கடப்படுகிறார். 'நீ இறங்கவும் வேண்டாம், நான் ஏறவும் மாட்டேன். இந்த என் அடிகளை அல்லாஹ்வின் பாதையில் கணக்கு வைக்கிறேன்' என்று சொல்லி, நடந்துகொண்டே பத்து விஷயம் சொல்கிறார். பெண்ணை, குழந்தையை, தளர்ந்த முதியவரைக் கொல்லாதே. காய்க்கும் மரத்தை வெட்டாதே. குடியிருப்பைப் பாழாக்காதே. சாப்பாட்டுக்குத் தவிர ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்காதே. பேரீச்சையை எரிக்காதே, நீரில் மூழ்கடிக்காதே. பொதுச் சொத்தில் திருடாதே. கோழையாகாதே. இந்தப் பத்துக்கு முன்னரே, தங்களை இறைவனுக்கென்று ஒதுக்கிக்கொண்ட மனிதர்களைப் போகிற வழியில் காண்பாய், அவர்களை அவர்கள் பாட்டில் விட்டுவிடு என்றும் சொல்லியாகிவிட்டது. அது துறவிகளைப் பற்றியது.

பேரீச்சை என்று நான் எழுதிய இடத்தில் சில பிரதிகளில் தேனீ என்று இருக்கும். அரபியில் நஹ்ல், நக்ல் இரண்டுக்கும் ஒரேயொரு புள்ளிதான் வித்தியாசம். எந்தப் பக்கம் வாசித்தாலும் எனக்கு நிறைவுதான். ஏழாம் நூற்றாண்டில் படை அனுப்புகிறவர் தேனீயைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ யோசித்திருக்கிறார். நாங்கள் 2002இல் பாதை திறந்து முதல்முறை ஊரைப் பார்க்க வந்தபோது, ஆனையிறவு தாண்டி வழிநெடுக வட்டு இல்லாத பனைகள் நின்றன. செல் பட்டுத் தலை போன பனைகள், சாம்பல் நிறத்தில், தூண் நட்டதுபோல. வாப்பா வானுக்குள் இருந்து எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். முவத்தாவின் அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பனைகள்தான் முன்னால் வந்து நிற்கும்.

இன்னும் பல விதிகள் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். உடலைச் சிதைக்கக் கூடாது. நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்கு மட்டுமே. தூதுவரைக் கொல்லக் கூடாது. கைதிக்கு உணவளிப்பது நல்லடியார்களின் குணம் என்று குர்ஆன் 76ஆம் அத்தியாயத்தில் புகழ்கிறது. எதிரி சமாதானத்துக்குச் சாய்ந்தால் நீயும் சாய் என்று 8ஆம் அத்தியாயத்தின் 61ஆம் வசனம். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது பகராவின் 256.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும், வாக்கு. 624இல் பத்ருப் போர். முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம், எதிரில் ஆயிரம் பேர் அளவில். ஒரு ஆள்கூட முக்கியமான நேரம். ஹுதைஃபா இப்னுல் யமானும் அவருடைய தகப்பனும் வழியில் எதிரிகளான மக்காவின் குறைஷிக் கோத்திரத்தாரிடம் அகப்பட்டுக்கொண்டார்கள். 'முஹம்மதோடு சேர்ந்து போரிடமாட்டோம்' என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். இருவரும் வந்து நபியவர்களிடம் நடந்ததைச் சொன்னார்கள். எதிரி, அதுவும் மிரட்டி வாங்கிய வாக்கு. 'திரும்பிப் போங்கள். அவர்களுக்குக் கொடுத்த வாக்கை நாம் நிறைவேற்றுவோம், அவர்களுக்கு எதிராக அல்லாஹ்விடம் உதவி கேட்போம்' என்றார்கள் நபியவர்கள். ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இந்த அடிப்படையில்தான், ஒரு நாட்டில் உடன்படிக்கையோடு வாழும் முஸ்லிம் அந்த நாட்டவருக்குத் துரோகம் செய்வது ஹராம், அதாவது தடுக்கப்பட்டது, என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். இன்றைய மொழியில் பிரஜாவுரிமையும் அப்படியொரு உடன்படிக்கைதான். உடன்படிக்கையில் இருக்கும் முஸ்லிமல்லாதவரைக் கொல்கிறவன் சொர்க்கத்தின் வாடையைக்கூட நுகரமாட்டான் என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது.

இனிச் சங்கடமான பகுதி. மாணவி அடுத்ததாகக் கேட்டதும் இதைத்தான். இணையத்தில் பார்த்திருக்கிறாள்: 'இணைவைப்பவர்களைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள்' என்று குர்ஆனில் இருக்கிறதாமே?

இருக்கிறது. தவ்பா அத்தியாயத்தின் 5ஆம் வசனம். உடன்படிக்கையை முறித்து முஸ்லிம்களைத் தாக்கிய அரபுக் கோத்திரங்களைப் பற்றி, நாலு மாதத் தவணை கொடுத்துச் சொன்ன போர் அறிவிப்பு அது. அதற்கு முந்தைய 4ஆம் வசனம், உடன்படிக்கையைக் காத்தவர்களுக்கு நீங்களும் தவணை முடியும்வரை காத்துக் கொடுங்கள் என்கிறது. அடுத்த 6ஆம் வசனம், அந்த இணைவைப்பவர்களில் ஒருவன் அடைக்கலம் கேட்டால் கொடு, அல்லாஹ்வின் பேச்சைக் கேட்கட்டும், பிறகு அவனைப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய் விடு என்கிறது. கண்ட இடத்தில் கொல்லச் சொன்ன வேதம் அடுத்த வரியிலேயே பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொல்லுமா? 4ஐயும் 6ஐயும் வெட்டிவிட்டு 5ஐ மட்டும் தூக்கிக் காட்டுகிறவர்கள் இரண்டு வகை: இஸ்லாத்தை வெறுப்பவர்களும், இஸ்லாத்தின் பெயரில் கொல்லப் புறப்பட்டவர்களும்.

இத்தோடு முடித்துவிட்டால் பாதி நேர்மைதான். அப்பாஸியர் என்ற கலீபா வம்சத்தின் காலத்துச் சட்ட அறிஞர்கள் பேரரசுக்குள் இருந்து எழுதினார்கள். உலகத்தை இஸ்லாமிய நாடு, போர் நாடு என்று பிரித்தார்கள். ஆட்சியாளர் படை நடத்தி எல்லையை விரிக்கலாம் என்றும் எழுதினார்கள். போருக்குக் காரணம் எதிரியின் ஆக்கிரமிப்பா, இஸ்லாத்தை ஏற்காத அவனுடைய நிராகரிப்பா என்று விவாதம் நடந்தது. மத்ஹப் எனப்படும் சட்ட மரபுகளில் ஹனபி, மாலிகி அறிஞர்களும் ஹன்பலிகளில் பெரும்பாலானோரும் ஆக்கிரமிப்புத்தான் என்றார்கள். நிராகரிப்பு என்பது ஷாபிஈ மத்ஹபில் பிரபலமான கருத்து. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபினர், நானும்தான். முதியவர், துறவி விஷயத்திலும் ஷாபிஈ சட்ட நூல்களில் கடுமையான கருத்து உண்டு. பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாது என்பதிலும், ஆட்சித் தலைவர் இல்லாமல் தனியார் போர் அறிவிக்க முடியாது என்பதிலும் அவர்களும் மற்றவர்களோடுதான் நிற்கிறார்கள். ஆனாலும் அந்தக் கருத்து இருந்தது, எழுதப்பட்டது, அரசர்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

அது பேரரசுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த காலத்தின் அரசியல் சட்டம், குர்ஆனின் கடைசிச் சொல் அல்ல என்பது என் எண்ணம். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1958 முதல் 1963 வரை எகிப்தின் அல்அஸ்ஹர் என்ற இஸ்லாமியக் கல்வி நிறுவனத்தின் தலைவராக இருந்த மஹ்மூத் ஷல்தூத், குர்ஆனின் போர் வசனங்களை எல்லாம் ஒன்றுசேர்த்து வாசித்து, ஆக்கிரமிப்பைத் தடுப்பதற்கு மட்டுமே போர் என்று வாதிட்டார். நாடுகள் எல்லை வகுத்து ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட உலகத்தில் இன்றைய அறிஞர்களில் பெரும்பாலானோர் இந்தப் பக்கம்தான்.

அப்படியானால் இந்த வெடிகுண்டுக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்? முன்னர் சொன்ன கூட்டுக் கடமை, தனிக் கடமை வித்தியாசத்தை இங்கே எடுங்கள். 1980களில் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் இருந்தபோது, அப்துல்லா அஸ்ஸாம் என்ற பாலஸ்தீன அறிஞர், இது உலக முஸ்லிம்கள் ஒவ்வொருவர்மீதும் பர்ளு ஐன் என்றார். ஊருக்குள் எதிரி புகுந்தால் அந்த ஊரவருக்கு என்று இருந்த விதிவிலக்கை உலகம் முழுவதற்கும் நீட்டினார். ஆட்சியாளர் கட்டளையும் தேவையில்லை, பெற்றோரின் அனுமதியும் தேவையில்லை என்று ஆகியது. ஒரு நாட்டின் பாதுகாப்புச் சட்டம், யாரும் எங்கும் போய்ச் சண்டை பிடிக்கலாம் என்ற அழைப்பாக மாறிவிட்டது. அதற்குப் பின் வந்தவர்கள் பொதுமக்களைக் கொல்லக் கூடாது என்ற வரம்பையும் உடைத்தார்கள். 2014இல் ஐ.எஸ். அமைப்பு தன்னைக் கிலாபத், அதாவது கலீபாவின் ஆட்சி, என்று அறிவித்தபோது, அதே வருடம் செப்டெம்பரில் 120க்கும் மேற்பட்ட முஸ்லிம் அறிஞர்கள் கையொப்பமிட்டு, அதன் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். குர்ஆனையும் ஹதீஸையும் சட்ட நூல்களையும் வைத்தே ஒவ்வொரு செயலும் எப்படி ஹராம் என்று காட்டிய கடிதம்.

2019 ஏப்ரல் 21. காத்தான்குடியைச் சேர்ந்த ஸஹ்ரான் ஹாஷிமின் கூட்டம் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. கட்டளை போட யார் இருந்தார்? அவர்களே. கொல்லப்பட்டவர்கள் யார்? பூசை கண்டுகொண்டிருந்த சனம், காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து வந்த பிள்ளைகள். இடம் எது? ஹஜ் அத்தியாயம் காக்கச் சொன்ன அதே தேவாலயம். வாக்கு? இந்த நாட்டின் அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டே செய்தார்கள். ஒரு விதிகூட மிச்சமில்லை. கொச்சிக்கடையில் தாக்கப்பட்டது அந்தோனியார் கோவில். என் மாணவியின் ஊரிலும் அந்தோனியார் கோவில்தான். அந்தக் காலை அவளும் பூசையில் இருந்தாளாம், எட்டோ ஒன்பதோ வயதில். பாதியில் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்களாம்.

தற்கொலைத் தாக்குதல் என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1987 ஜூலை 5ஆம் திகதி நெல்லியடியில் புலிகள் நடத்தியதிலிருந்து இந்தக் குடாநாடு அதை அறியும். அது எந்த வேதத்திலிருந்தும் வந்ததல்ல, போர் உத்தியாக வந்தது. இஸ்லாத்தில் தற்கொலை பெரும் பாவம். 'உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள்' என்று நிஸா அத்தியாயத்தின் 29. நபியவர்களின் படையில் ஒருவன் எல்லாரும் வியக்கும்படி சண்டை பிடித்தான். 'அவன் நரகவாசி' என்றார்கள் நபியவர்கள். நபித்தோழர்களான ஸஹாபாக்களுக்கு விளங்கவில்லை. ஒருவர் அவன் பின்னாலேயே போய்ப் பார்த்தார். காயத்தின் வேதனை தாங்காமல் அவன் தன் வாளைத் தானே நெஞ்சில் பாய்ச்சிக்கொண்டான். புகாரி ஹதீஸ். அவன் சரியான பக்கத்தில், சரியான தலைவரின் கீழ் நின்றவன். அவனுக்கே அந்த முடிவு என்றால், கோவிலுக்குள் பையோடு நுழைந்தவர்களுக்கு என்ன இருக்கும்?

தாக்குதல் நடத்தியவர்களின் உடல்களைப் பொறுப்பேற்கமாட்டோம் என்று மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஒரு முஸ்லிமின் மையித்தை, அதாவது உடலை, குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, தொழுவித்து அடக்குவது ஊரின் கூட்டுக் கடமை. அதை மறுப்பது எவ்வளவு பெரிய சொல் என்று முஸ்லிமல்லாத நண்பர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. அந்த அறிவிப்பைக் கேட்ட இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. செத்த சனத்துக்காகவும், இனி நாங்கள் இந்த ஊரில் எப்படி முகம் கொடுப்பது என்றும்.

இனி 'சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பினோம்' என்று நபியவர்கள் சொன்னதாக ஒரு செய்தி. பெரியது மனதோடு செய்யும் போராட்டம் என்று விளக்கம் வரும். அழகான கருத்து, சர்வமத மேடைகளில் கட்டாயம் ஒலிக்கும். ஆனால் ஹதீஸ் கலை அறிஞர்கள் அதன் அறிவிப்பாளர் வரிசையைப் பலவீனமானது என்று ஒதுக்கியிருக்கிறார்கள். பலவீனமான செய்தியில் சாய வேண்டிய அவசியமும் இல்லை, உறுதியானவை கைநிறைய இருக்கின்றன. அல்லாஹ்வுக்குக் கீழ்ப்படியத் தன் மனதோடு போராடுகிறவனே முஜாஹித் (ஜிஹாத் செய்கிறவன்) என்று திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. அநியாயக்கார ஆட்சியாளன் முன் சொல்லும் நீதியான சொல் சிறந்த ஜிஹாத் என்று அபூதாவூதில். இந்த நாட்டில் எத்தனை பத்திரிகையாளர்கள், எத்தனை காணாமல் போனோரின் தாய்மார் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள்!

தாய்மார் என்றதும் மாணவி வாயைத் திறந்தாள். அவளுடைய அம்மம்மா வீட்டுச் சுவரில் மாமாவின் படம் இருக்கிறதாம். பதினெட்டு வயதில், ஒரு பின்னேரம் டியூசனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இயக்கத்துக்குப் போனவர். அம்மம்மா இன்றைக்கும் அந்த நேரத்துக்குக் கேற்றடிக்குப் போய் நிற்பாவாம்.

அவளுக்கு நான் இன்னுமொரு ஹதீஸைச் சொன்னேன். ஒருவர் நபியவர்களிடம் ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு வந்தார். 'உன் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா?' 'இருக்கிறார்கள்.' 'அப்படியானால் அவர்களிடம் போய்ப் பாடுபடு.' இது புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பது. இப்னு மாஜாவில் இன்னொருவர் வருகிறார். உங்களோடு ஜிஹாத் செய்ய வந்தேன், நான் வெளிக்கிடும்போது தாயும் தகப்பனும் அழுதுகொண்டிருந்தார்கள் என்கிறார். நபியவர்கள் சொன்னார்கள்: 'திரும்பிப் போ. எப்படி அழ வைத்தாயோ அப்படியே போய் அவர்களைச் சிரிக்க வை.'

"திருப்பிச் சொல்லுங்கோ சேர்" என்றாள். சொன்னேன். தொகையீட்டுக் கணக்கு எழுதியிருந்த பக்கத்தின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டு, வீட்டை போய் அம்மம்மாவிட்ட வாசிச்சுக் காட்டலாமா என்று கேட்டாள்.